ஒத்தைக் காது ஒப்பந்தம்

சண்டை போடுகிற இரண்டு பேருக்கு நடுவில் போய் நிற்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் வாங்காத எவனும் ஒரு குடும்பத்தை இவ்வளவு முறையாகக் கெடுத்திருக்க முடியாது.

என் வேலைக்கு அரசியல் விவகார அலுவலர் என்று பெயர். ஆப்பிரிக்காவில், உள்நாட்டுப் போர் பாதியில் நின்றிருந்த ஒரு நாட்டில், சர்வதேச அமைதிகாப்புப் பணியில் இருந்தேன். துப்பாக்கியும் ஹெல்மெட்டும் சிப்பாய்களுக்கு. எனக்கு ஒரு கறுப்புப் பையும், யார் கொடுத்த டீயையும் தாங்குகிற வயிறும்தான். ஒரு தளபதியைப் போய்ப் பார்ப்பேன், அவர் எதிராளியைத் திட்டுவதைக் கேட்பேன். எதிராளியிடம் போவேன், அவர் இவரைத் திட்டுவதைக் கேட்பேன். இரண்டையும் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்புவேன். (அங்கே யாராவது படித்தார்களா என்று இன்றுவரை தெரியாது.) என் மனைவி நித்யாவின் சொந்த ஊரான கோபியில் இந்த வேலையை எப்படி விளக்குவது என்று திணறினார்கள். கடைசியில் ஒருவர், "மாப்ள வெளிநாட்டுல பஞ்சாயத்து ஆபீசருங்க" என்று சொல்லி முடித்துவிட்டார். அதைவிடத் தெளிவாக நானே சொன்னதில்லை.

நான் இருந்த இடத்துக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போக அனுமதி கிடையாது. நித்யாவும் மகள் யாழினியும் டெக்சஸில், கேட்டியில் இருந்தார்கள். நித்யாவுக்கு ஹூஸ்டனில் எண்ணெய் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர் வேலை. நான் சில வாரங்களுக்கு ஒருமுறை லீவில் வந்து, தூக்கக் கலக்கத்தோடு சோபாவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவேன். குழந்தை என்னை விருந்தாளியாகத்தான் நடத்தினாள். வந்தால் ஸ்நாக்ஸ் டப்பாவை நீட்டுவாள்.

அப்பா செய்ய வேண்டிய வேலைகளை நித்யாவின் அண்ணனும் தம்பியும் செய்தார்கள். அண்ணன் சுந்தரம் மச்சான் கேட்டியிலேயே இருந்தார். டேகேரில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் அவருடைய டிரக்தான் முதலில் போய் நிற்கும். தம்பி பிரபு டாலஸுக்கு வடக்கே ஆலனில். அங்கிருந்து ஃப்ரீவேயில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் அக்கா வீட்டில் தண்ணீர்க்குழாய் ஒழுகுகிறது என்றால் சனிக்கிழமை காலை டூல்ஸ் பொட்டியோடு வந்துவிடுவான். நித்யாவின் அப்பா அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். கோபி வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த இரண்டு ஆண்கள்தான்.

அந்த இரண்டு பேரும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். காரணம், பால். பிரபு ஆலனில் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, சுந்தரம் மச்சான் இருட்டோடு கிளம்பியும் வழியில் ஒரு டிரெய்லர் கவிழ்ந்து ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று அங்கிருந்தவர்கள் அவசரப்படுத்த, பிரபு அடுப்பைப் பற்றவைத்துவிட்டான். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பால் பொங்கி முடிந்திருந்தது. அப்பா ஸ்தானத்தில் இருக்கிற அண்ணன் வருவதற்கு முன்னால் பால் பொங்கலாமா என்பது அவர் கட்சி. நல்ல நேரத்தை நான் பிடித்து நிறுத்த முடியுமா என்பது இவன் கட்சி. அண்ணன் ஒரு வாய் பாலைக் கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒருவர் வருகிற நாளில் இன்னொருவர் வர மாட்டார். நித்யா இரண்டு பேருக்கும் டைம்டேபிள் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் யாழினிக்குக் காது குத்த வேண்டி வந்தது. ஒழுங்காக ஒரு வயதுக்குள் குத்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை நாள் குறிக்கும்போதும் அங்கே யாராவது போர்நிறுத்தத்தை மீறி, என் லீவு ரத்தாகும். இப்படித் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுக் குழந்தைக்கு நாலு வயதாகிவிட்டது. பேச வந்துவிட்டது. அதுவும் டேகேரில், உன் உடம்பு உன்னுடையது, பிடிக்காததை மரியாதையாக மறுக்க வேண்டும் என்று பாட்டாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இதன் முக்கியத்துவம் எனக்கு அப்போது புரியவில்லை.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் இரண்டு பேர், மடி இரண்டு, குழந்தை ஒன்று. சேர்ந்து பேசிக்கொள்கிற அண்ணன் தம்பியாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. நித்யா ஒருநாள் வீடியோ காலில் இதைச் சொன்னபோது நான் அங்கே என் கன்டெய்னர் ஆபீசில் இருந்தேன்.

"ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் போய்ச் சமாதானம் பண்றீங்க. என் அண்ணனும் தம்பியும் ஒரே ஹால்ல, ஒரே பந்தில உக்காந்து சாப்பிட்டா போதும். எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். பண்ணித் தருவீங்களா?"

கல்யாணமாகி அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. மற்ற எல்லாவற்றையும் அவளேதான் பார்த்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. பண்ணித் தருகிறேன் என்று சொன்னேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

லீவில் வந்ததும் கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு முதலில் ஆலனுக்குப் போனேன். பலவீனமான தரப்பை முதலில் சந்திக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். பிரபு வாசலிலேயே, "வாங்க மாமா, தோசை ஊத்தட்டுங்களா?" என்றான். நான் வேண்டாம் என்றேன். நடுவர் ஒரு தரப்பு வீட்டில் சாப்பிட்டால் இன்னொரு தரப்புக்குச் சந்தேகம் வரும் என்று விளக்கினேன். அவன் மனைவி கையில் கரண்டியோடு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தளபதிகள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பிரபு ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணன் மடிலயே உக்காரட்டுங்க மாமா. அவருதான பெரியவரு. நான் வந்து பக்கத்துல நின்னுக்கறேன்."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன், ஒரு பேங்க் ஊழியரோ பஸ் டிரைவரோ, என்ன செய்திருப்பான்? அவனைக் கட்டிப்பிடித்து, தோசை சாப்பிட்டுவிட்டுக் கேட்டிக்குத் திரும்பியிருப்பான். எனக்கோ, எடுத்த எடுப்பில் ஒரு தரப்பு விட்டுக்கொடுத்தால் அதை நம்பாதே, அந்த மாதிரிச் சமாதானம் நிலைக்காது, மனக்குறையாகப் புகைந்து பின்னால் வெடிக்கும் என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உங்கள் உரிமையை அவசரப்பட்டு விட்டுக்கொடுக்காதீர்கள் என்றேன். நீங்களும் தாய்மாமன்தானே, உங்களுக்கும் அந்த மடியில் சம பங்கு உண்டே என்றேன். அரை மணி நேரம் பேசினேன். நான் பேசப் பேச அவன் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. தனக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆமாங்க மாமா, நானும் தாய்மாமன்தானுங்களே" என்றான். பேச்சு முன்னேறுகிறது என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த லீவு முழுக்கக் கேட்டிக்கும் ஆலனுக்குமாக வண்டி ஓட்டினேன். சுந்தரம் மச்சானிடம் பிரபு சம உரிமை கேட்பதாகச் சொன்னதும் அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அதுவரை அவர் யார் மடி என்று யோசித்ததாகவே தெரியவில்லை. இப்போது மேடையில் யார் நாற்காலி எங்கே, யார் கொண்டுவரும் தட்டு முதலில் வைக்கப்படும், யார் வாங்கிய தோடு என்று ஒவ்வொன்றாகக் கிளம்பியது. நான் சோர்ந்து போகவில்லை. இதற்காகவே பிறந்தவன் மாதிரி உற்சாகமாக இருந்தேன். ஹாலின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, இரண்டு தரப்பும் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று அம்புக்குறி போட்டேன். நித்யா அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தேவையா என்று கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொன்னேன். (சத்தியமாகச் சொன்னேன்.)

கடைசியில் பிறந்ததுதான் அந்த ஒப்பந்தம். வலது காது சுந்தரம் மச்சான் மடியில், அவர் வாங்கிய தோட்டோடு. இடது காது பிரபு மடியில், அவன் வாங்கிய தோட்டோடு. 'இரண்டாவது காது' என்று சொன்னால் பிரபு வருத்தப்படுவான் என்பதால் அதை 'நிறைவுக் காது' என்று அழைக்க ஏற்பாடு செய்தேன். இரண்டு நாற்காலிகள், ஒரே உயரம், மேடையின் இரண்டு ஓரங்களில். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குக் குழந்தையைத் தூக்கிப் போகும் பொறுப்பு நடுநிலையாளனான எனக்கு. இரண்டு பேரும் போனில் சரி என்றார்கள். என் பணிக்காலத்தில் நான் முடித்து வைத்த ஒரே ஒப்பந்தம் அது. அங்கே நான்கு வருடம் உழைத்தும் ஒரு கிணற்றை யார் எப்போது இறைப்பது என்றுகூட முடிவாகவில்லை.

காது குத்த வந்த மெலிசா குழந்தைகளுக்குக் குத்துவதில் கைதேர்ந்தவள். டெக்சஸ்காரி, பெரிய சிரிப்பு. வந்ததுமே, சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு காதையும் ஒரே நேரத்தில் குத்திவிடுவதுதான் வழக்கம், உதவிக்கு இன்னொரு ஆளும் வந்திருக்கிறாள், குழந்தை என்னவென்று உணர்வதற்குள் முடிந்துவிடும் என்றாள். ஒப்பந்தம் அதற்கு இடம் தராது என்று நான் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, தன்னுடைய ஒரே விதியைச் சொன்னாள். குழந்தை சரி என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் குத்த மாட்டாள், யார் சொன்னாலும். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

ஹால் நிறைய ஆட்கள். கேட்டித் தமிழர்களில் பாதிப் பேர் பட்டுப்புடவையும் வேட்டியுமாக வந்திருந்தார்கள். அம்புக்குறிப்படியே அண்ணன் ஒரு வாசலிலும் தம்பி ஒரு வாசலிலும் நுழைந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிரபு லேசாகத் தலையை அசைத்தான், அண்ணனும் அசைத்தார். நித்யா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிடத்துக்காக எனக்கு ஏதாவது பதக்கம் கொடுத்திருந்தால் கூச்சப்படாமல் வாங்கியிருப்பேன்.

யாழினி பெரிய மாமா மடியில் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தாள். மெலிசா கேட்டதற்கு "ஓகே" என்றாள். 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்த ஹாலின் கண்ணாடிகள் அதிர்ந்தன.

அதோடு இன்னொரு 'டக்' கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் ஒப்பந்தப்படி நான் அவளைத் தூக்கிக்கொண்டு மேடையின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு நடக்க வேண்டும். நடந்தேன். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கம்பீரமாக, எல்லோரும் பார்க்க. அந்த நடையில் அவளுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. பிரபுவின் மடி வந்தது, மெலிசாவின் கையிலிருந்த கருவியும் வந்தது. யாழினி அழுகையை நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். டேகேரில் சொல்லிக் கொடுத்த அதே அழகோடு, "நோ, தேங்க் யூ" என்றாள்.

மெலிசா கருவியைக் கீழே வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது என் தொழில் வாழ்க்கையின் மிக நீண்ட பேச்சுவார்த்தை. ஐஸ்கிரீம், ஐபேட், நாய்க்குட்டி, டிஸ்னி என்று வரிசையாக எல்லாம் மேஜைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில், மரியாதையாக. வந்திருந்த ஆன்ட்டிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர், இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிஷ வேலை என்றார். மெலிசா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பந்திப் பக்கம் போய்விட்டார். இவ்வளவு நேரமும் பிரபு பட்டுச் சட்டையில், வெறும் மடியோடு, மேடையில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்திருந்தான். கையில் திறந்த நகைப்பெட்டி. நாங்கள் எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவனை யாரும் பார்க்கவில்லை.

சுந்தரம் மச்சான் குழந்தை அழுவது தாங்காமல்தான் சொன்னார். "போதும் விடுங்க மாப்ள. ஒரு காது ஆயிருச்சுல்ல. இன்னொண்ணு அப்பறம் பாத்துக்கலாம்."

பிரபு எழுந்தான். "உங்க காது ஆயிருச்சு. உங்களுக்கென்னங்கண்ணா" என்றான்.

இத்தனை காலத்துக்குப் பிறகு தம்பி அண்ணனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அடுத்து என்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும். பால் வந்தது. பொங்கிய பால், குடிக்காத பால், நல்ல நேரம், கவிழ்ந்த டிரெய்லர் எல்லாம் மேடைக்கு வந்தன. நான் இரண்டு பேருக்கும் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு, இரண்டு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்றேன். இரண்டு தரப்பும் என்னை நகரச் சொன்னார்கள்.

பிரபு சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். தம்பி சாப்பிடாமல் போன பந்தியில் தனக்கு எப்படி இறங்கும் என்று சுந்தரம் மச்சானும் இன்னொரு வாசல் வழியாகப் போய்விட்டார். (அந்த வாசலையும் நான்தான் ஒதுக்கியிருந்தேன்.) நான் பார்க்கிங்குக்கு ஓடி பிரபுவின் காரை மறித்தேன். இது தற்காலிகப் பின்னடைவுதான், நிறைவுக் காதுக்கு வேறு நாள் பார்க்கலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவன் கண்ணாடியை இறக்கினான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை.

"நான் முதல் நாளே சொன்னனுங்க மாமா. அண்ணன் மடிலயே உக்காரட்டும், நான் பக்கத்துல நின்னுக்கறேன்னு. நீங்கதான் வேண்டாம்னீங்க."

நான் திரும்பியபோது நித்யா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தம்பிக்காகக் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம் அவள் கையில் இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. பொட்டலத்தைக் கார் ஜன்னல் வழியாக அவன் பக்கத்து சீட்டில் வைத்தாள். கார் போன பிறகு, "முதல் நாளேவா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அன்றைக்கு மிஞ்சிய சாம்பாரும் கேசரியும் ஒரு வாரம் எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தன. நடந்ததைப் பற்றிப் பேசாமல் அதையே சாப்பிட்டோம்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடமாகிறது. அண்ணனும் தம்பியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. நித்யா பொங்கலை இரண்டு நாள் வைக்கிறாள், ஆளுக்கொரு நாள். நான் வேலை பார்த்த அமைதிப் பணியையும் மூடிவிட்டார்கள். நாங்கள் கிளம்பிய கொஞ்ச நாளில் அங்கே மறுபடி சண்டை தொடங்கிவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். அங்கே ஒரு தளபதி முதல் சந்திப்பிலேயே தனக்குச் சண்டை அலுத்துவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அவரை நம்ப வேண்டாம் என்று அறிக்கை எழுதினேன். அவர் நிஜமாகவே அலுத்துப் போய்த்தான் இருந்தாரோ என்று இப்போது யோசிக்கிறேன். யோசித்து யாருக்கும் பிரயோஜனம் இல்லை. கேட்டியில் உட்கார்ந்து வேலைக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருக்கிறேன். பேச்சுவார்த்தை அனுபவம் உண்டா என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கேட்கிறார்கள்.

யாழினிக்கு ஒன்பது வயது. வலது காதில் பெரிய மாமா வாங்கிக் கொடுத்த சிவப்புக்கல் தோடு. இடது காது மூளியாக இருக்கிறது. வருடா வருடம் கேட்டுப் பார்க்கிறோம், நோ தேங்க் யூ என்கிறாள். ஸ்கூலில் அதை ஸ்டைல் என்று நினைத்து இரண்டு பெண்கள் ஒரு தோட்டைக் கழற்றிவிட்டார்களாம்.

போன வருடம் அவளும் ஒரு சிநேகிதியும் ஏதோ கேமுக்காகச் சண்டை போட, நான் இரண்டு பேரையும் உட்காரவைத்து, சரி, ஆளாளுக்கு உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தேன். யாழினி சட்டென்று உள்ளங்கையால் இடது காதைப் பொத்திக்கொண்டாள். "டாட், ப்ளீஸ் டோன்ட் ஹெல்ப்" என்றாள்.

அதோடு அது வீட்டு வழக்கமாகிவிட்டது. நான் எதற்காவது சமரசம் பேச வாயைத் திறந்தால் எல்லோர் கையும் இடது காதுக்குப் போகிறது. இரண்டு மாமாக்களுக்கும் அவள் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். போன மாதம் அவர் வீட்டில் டிவி ரிமோட் விஷயமாக நான் ஏதோ சொல்ல வர, சுந்தரம் மச்சான் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் காதைப் பொத்திக்கொண்டார். அடுத்த வாரம் ஆலனில் பிரபு அதையே செய்தான், அதே மாதிரி, அதே முகத்தோடு. நித்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் காரில் அவள் சொன்னாள், "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து இதைப் பண்ணா எப்படி இருக்கும்னு நினைச்சேன்."

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றால் நான் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். நித்யா ரோட்டைப் பார்த்தபடி இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். கேட்டி வரும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.